அணியோடு ஆடி வளர்வது எப்படி? சிங்கப்பூரில் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளிப் பரிசளிப்பு விழாவுக்குப் போனால் யாராவது ஒருவர் மேடையேறி, விளையாட்டு ஒழுக்கம் தரும், தலைமைத்துவம் தரும், விட்டுக்கொடுக்கும் குணம் தரும் என்று சொல்லிவிட்டு இறங்குவார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சிறு வயதிலிருந்து காற்பந்து ஆடியும், தோற்றதும் நடுவரைத் திட்டுகிற ஆளை நம் எல்லாருக்கும் தெரியும். ஆடினாலே குணம் வந்துவிடாது. பெஞ்சில் உட்கார வைத்தால் எப்படி உட்காருகிறோம், தோற்ற அன்றைக்கு என்ன பேசுகிறோம், பந்து நம்மிடம் இல்லாதபோது என்ன செய்கிறோம் என்பதில்தான் ஆள் வளர்வதும் வளராமல் போவதும் இருக்கிறது.

பிரான்ஸ் நாட்டு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மன், ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து பார்த்தார். முடிவு 1913ல் வெளிவந்தது. ஆள் கூடக் கூட மொத்த பலம் கூடியது. ஆனால் ஒவ்வொருவரும் போட்ட பலம் குறைந்துகொண்டே போனது. கைதட்டுவதிலும் கத்துவதிலும்கூட இதே கதைதான் என்று அமெரிக்க உளவியலாளர்கள் 1979ல் காட்டினார்கள். நமக்கு இதற்கு ஆய்வே வேண்டாம், 'கூட்டத்தோடு கோவிந்தா' என்றால் புரிந்துவிடும். அதாவது, ஒளிந்துகொள்ள அணியைவிட வசதியான இடம் கிடையாது. வளர வேண்டுமானால் நம் பங்கு தனியாகத் தெரிகிற மாதிரி ஆட வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

இதைப் பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கும் பெற்றோரும் படிக்கலாம், பள்ளியை விட்ட பிறகு பந்தைத் தொடாத பெரியவர்களும் படிக்கலாம், ஊரிலிருந்து வேலைக்கு வந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் கையில் இருப்பவர்களும் படிக்கலாம்.

முதல் படி: உங்களுக்கு எது வராதோ, அதைக் கேட்கிற ஆட்டத்தைப் பிடியுங்கள்

பெரும்பாலோர் தெரிந்த ஆட்டத்தில்தான் சேர்வார்கள், இல்லாவிட்டால் நண்பன் ஆடுகிற ஆட்டத்தில். அதில் தப்பில்லை. ஆனால் நோக்கம் வளர்வது என்றால், முதலில் உங்களிடம் எது குறைகிறது என்று பாருங்கள். ஒவ்வோர் ஆட்டத்தின் விதிகளும் ஒவ்வொரு குணத்தை வற்புறுத்திக் கேட்கும்.

எல்லாவற்றையும் தானே செய்து முடிக்க வேண்டும் என்று நினைக்கிறவர் வலைப்பந்துக்குப் போகலாம். அதில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. கைக்கு வந்த பந்தை 3 வினாடிக்குள் விட்டாக வேண்டும். ஏழு பேருக்கும் எழுத்துப் பொறித்த மேலங்கி உண்டு. யார் எந்தப் பகுதிவரை போகலாம் என்பதை அந்த எழுத்துதான் தீர்மானிக்கும். கோல் காப்பாளர் தன் பக்கத்து மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கோல் போடும் உரிமை இருவருக்கு மட்டுமே. ஒரு பயிற்சியைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பந்தைப் பறித்த பிள்ளை கோட்டருகே வந்து சட்டென்று நிற்பாள். முன்னால் ஆளே இல்லாத வெற்றிடம் இருக்கும், ஆனால் அது அவளுடையது இல்லை. மனதுக்குள் மூன்று எண்ணி முடிப்பதற்குள் யாரையாவது நம்பிப் பந்தைக் கொடுத்தே ஆகவேண்டும். 2015ல் இங்கே நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் சிங்கப்பூர்ப் பெண்கள் மலேசியாவை வென்று தங்கம் வாங்கியது இந்த ஆட்டத்தில்தான். பெண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட வேண்டாம். கலப்பு அணியாக ஆடுகிற பெரியவர்களும் இங்கே உண்டு.

கபடி நம் மண்ணின் ஆட்டம் என்பதால் சொல்லவில்லை. பொறுப்பு என்றால் என்ன என்பதை இதைவிட நேரடியாகச் சொல்லும் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. பாடிப் போகிறவர் 30 வினாடி தன்னந்தனியாக ஏழு பேருக்கு நடுவில் நிற்கிறார். அவர் பிடிபட்டால் வெளியே போய் உட்கார வேண்டும். எதிரணியில் ஒருவரைத் தன் அணி ஆட்டமிழக்கச் செய்தால்தான், வெளியே உட்கார்ந்திருப்பவரில் ஒருவர் திரும்ப வர முடியும், அதுவும் போன வரிசைப்படி. நீங்கள் திரும்ப உள்ளே வருவது உங்கள் கையில் இல்லை, இன்னொருவர் மூச்சில் இருக்கிறது. பிடிப்பவர்களோ கைகோத்துச் சங்கிலியாக நகர்கிறார்கள். ஒருவர் அவசரப்பட்டுப் பாய்ந்தால் சங்கிலி அறுந்து எல்லாரும் தொடுபடுவார்கள். பொறுமை இல்லாதவர்களை முதலில் பிடிப்பவராக நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. நன்றாகப் பாடுகிறவரைப் பார்த்து எல்லாரும் கைதட்டுவார்கள். ஆட்டத்தை ஜெயிப்பது பெரும்பாலும் மூலையில் நிற்கிற ஆள்தான்.

பேசத் தயங்குகிறவருக்குக் கிரிக்கெட். இரண்டு முனைக்கும் நடுவில் ஓட மூன்றே சொற்கள்: யெஸ், நோ, வெயிட். பந்து மட்டையாளருக்கு முன்பக்கம் போனால் அவர் சொல்ல வேண்டும், பின்பக்கம் போனால் எதிர்முனையில் இருப்பவர் சொல்ல வேண்டும். முணுமுணுத்தால் ஒருவர் ரன் அவுட். இரண்டு பேரும் ஒரே முனையில் நின்று ஒருவரையொருவர் பார்த்து முழிக்கிற காட்சியை எந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்திலும் பார்க்கலாம். அதற்குக் காரணம் கால் வேகம் குறைந்தது இல்லை, வாய் திறக்காததுதான்.

பந்தே வராது, பள்ளியில் எந்த அணியிலும் சேர்த்துக்கொள்ளவில்லை என்கிறவர்கள் டிராகன் படகைப் பாருங்கள். பெரிய படகில் துடுப்புப் போடுபவர் 20 பேர், முரசடிப்பவர் ஒருவர், சுக்கான் பிடிப்பவர் ஒருவர். காலாங் ஆற்றுப்படுகையிலும் பிடோக் நீர்த்தேக்கத்திலும் பயிற்சி நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலசாலி ஒருவர் தாளம் தப்பித் துடுப்புப் போட்டால் படகு வேகம் குறையும். வேலையிடத்தில் 'நான்தான் நிறைய செய்கிறேன்' என்று புலம்புகிற நண்பர் யாராவது இருந்தால் அவரை இதில் ஏற்றிவிடுங்கள்.

தட்டை எறிந்து ஆடும் அல்டிமேட் ஃபிரிஸ்பீயில் நடுவரே கிடையாது. தவறு நடந்தால் ஆடுகிறவர்களே நிறுத்தி, பேசி, முடிவெடுத்துத் தொடர வேண்டும். சண்டை போடாமல் மறுத்துப் பேசத் தெரியாதவர்களுக்கு இது நல்ல பயிற்சி.

காற்பந்து யாரையும் தேடி வரும், அதற்கு நான் பரிந்துரைக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: 90 நிமிட ஆட்டத்தில் ஒருவர் காலில் பந்து இருப்பது சில நிமிடங்கள்தான். மீதி நேரம் நடந்துகொண்டே காலம் தள்ளலாம், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஒளியாமல் ஆட வேண்டுமானால் முதலில் ஐவர் காற்பந்தில் சேருங்கள்.

சிறு பிள்ளைகளுக்கு இந்தத் தேர்வெல்லாம் வேண்டாம். கனடா ஆய்வாளர் ழான் கோட்டே, ஏறக்குறைய 12 வயதுவரை பல ஆட்டங்களைத் தொட்டுப் பார்க்கவிடுவது நல்லது என்கிறார். தொடக்கப்பள்ளியில் கேப்டன்ஸ் பால் ஆடி, நாற்காலிமேல் நிற்கிற தோழிக்குப் பந்தை எறிந்து பழகுவதே அந்த வயதுக்குப் போதும்.

இரண்டாம் படி: அணியைத் தேடுவது

உயர்நிலைப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கை கட்டாயம். அதனால் பிள்ளைகளுக்கு வாசல் திறந்தே இருக்கிறது. ஆனால் பல பள்ளிகளில் அணிக்குத் தேர்வு உண்டு, அங்கேதான் பல வீடுகளில் மனம் உடைகிறது. இங்கே ஒரு விஷயத்தைப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. சிங்கப்பூரில் ஒரு வகுப்பில் இருப்பவர்கள் ஜனவரி 2 முதல் அடுத்த ஜனவரி 1 வரை பிறந்தவர்கள். நவம்பர், டிசம்பரில் பிறந்த பிள்ளை, ஜனவரியில் பிறந்தவனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது இளையவன். பன்னிரண்டு வயதில் அந்த வித்தியாசம் தோளிலும் தொடையிலும் அப்படியே தெரியும். கனடாவில் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்தவர்கள் 1985லேயே இதைச் சுட்டிக்காட்டினார்கள். ஆக, தேர்வில் விழுந்தது திறமையில்லாததால் என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். அடுத்த ஆண்டு மறுபடி போகச் சொல்லுங்கள். அதுவரை தேசிய விளையாட்டுத் திட்டமான ஆக்டிவ்எஸ்ஜியின் பயிற்சிக்கூடம் ஒன்றிலோ சமூக மன்றத்திலோ ஆடட்டும்.

போனஸ் புள்ளிக்காகச் சேர்ப்பவர்களும் உண்டு. இணைப்பாட நடவடிக்கைகளை மதிப்பிடும் கல்வி அமைச்சின் லீப்ஸ் 2.0 முறைப்படி தலைமைத்துவம், சாதனை, பங்கேற்பு, சேவை நான்கிலும் நன்றாகச் செய்தால் தொடக்கக் கல்லூரிச் சேர்க்கையில் அதிகபட்சம் 2 புள்ளி கிடைக்கும். கிடைத்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் நேரடிப் பள்ளிச் சேர்க்கை வழியாக விளையாட்டைக் காட்டி இடம் வாங்குவது வேறு விஷயம். அந்த இடத்தை ஏற்றுக்கொண்டால், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ முடிவுக்குப் பிறகு வேறு பள்ளியைத் தேர்ந்தெடுக்க முடியாது. அந்த ஆட்டத்தைத் தொடர்ந்து ஆட வேண்டும் என்பதும் எதிர்பார்ப்பு. பிள்ளைக்கு அந்த ஆட்டம் உண்மையிலேயே பிடிக்குமா என்று ஒரு தடவை தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். அப்பா முன்னால் ஒரு பதிலும் பாட்டியிடம் வேறு பதிலும் வந்தால் பாட்டியிடம் சொன்னதுதான் உண்மை.

பெரியவர்களுக்கு: 2014ல் தொடங்கிய ஆக்டிவ்எஸ்ஜி உறுப்பியத்தில் சேர்ந்தால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 100 வெள்ளி கணக்கில் வைத்துக் கொடுக்கிறார்கள். விளையாட்டு அரங்குகள் மட்டுமின்றி, பள்ளித் திடல்களும் மண்டபங்களும்கூட வகுப்பு இல்லாத நேரத்தில் இதன் வழியே பதிவு செய்யக் கிடைக்கும். ஆனால் திடலைப் பதிவு செய்வது சுலபம், ஆள் சேர்ப்பதுதான் கஷ்டம். சமூக மன்றத்தில் கேளுங்கள், அலுவலகத்தில் கேளுங்கள், கீழ்வீட்டுத் தம்பியிடம் கேளுங்கள். பாலஸ்டியர் சாலைப் பக்கம் 1923ல் தொடங்கிய சிங்கப்பூர் இந்தியர் சங்கமும், 1928ல் தொடங்கிய சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப்பும் இருக்கின்றன. நம் தாத்தா காலத்துக் கிரிக்கெட்டும் ஹாக்கியும் வளர்ந்த மண் அது. வேலைக்கு வந்த தம்பிமார்களுக்குக் கிராஞ்சி, பெஞ்சுரு போன்ற இடங்களில் உள்ள பொழுதுபோக்கு மையங்கள் நல்ல தொடக்கம். தங்குவிடுதியில் ஒரே அறையில் இருப்பவர்களோடு மட்டும் அணி சேராமல், பங்களாதேஷ், மியன்மார்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு ஆடிப் பாருங்கள். பேச்சு குறைவாக இருந்தாலும் பந்து பேசும். 1977ல் பினாங்கை 3-2 என்று வென்று மலேசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்த சிங்கப்பூர் அணியில் எஸ்.ராஜகோபால், சமது அல்லாபிச்சை, குவா கிம் சோங், டோலா காசிம் எல்லாரும் ஒன்றாகத்தான் ஆடினார்கள். அந்த அணியைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் பேசுவதற்குக் கிண்ணம் மட்டும் காரணமில்லை.

சேருவதற்கு முன் ஒரு பயிற்சியை வெளியே நின்று பாருங்கள். அணியில் யார் சுமாராக ஆடுகிறார் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த ஆளிடம் மற்றவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். அதுதான் அந்த அணியின் குணம். கோப்பை அலமாரியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

மூன்றாம் படி: முதல் சில வாரங்கள்

பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். கூம்புகளை வைக்க உதவுங்கள். எல்லார் பெயரையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பெயர் தெரியாத ஆளிடம் பந்து கேட்க முடியாது. பயிற்றுவிப்பாளரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "கோச், இந்த அணியில் என்னிடமிருந்து என்ன எதிர்பார்க்கிறீர்கள்?" பதில் ஒரு வரியில் வரும். இடப்பக்கத்தை விட்டு நகராதே, ரிபவுண்டுக்குப் போ, பந்து வந்தால் உடனே விடு. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு முதல் மாதத்தை ஓட்டுங்கள்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, தன்னம்பிக்கைக்கு மிக வலுவான ஊற்று நாமே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம் என்றார். நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆகவே 'நல்லா ஆடணும்' என்று போகாமல், 'இன்று வலது கையால் மட்டும் பாஸ்' என்பது போல, முடிந்ததா இல்லையா என்று சொல்லக்கூடிய ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர் வெயில் சாதாரணமில்லை. 2023ல் வந்த வெப்ப அழுத்த அறிவுரை வெறும் வெப்பநிலையை மட்டும் பார்ப்பதில்லை. ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்த்துக் கணக்கிட்ட எண்ணில் 31 டிகிரிக்கு மேல் மிதம், 33க்கு மேல் அதிகம். மைஇஎன்வி செயலியில் பார்த்துக்கொள்ளலாம். மின்னல் எச்சரிக்கை ஒலித்தால் ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் திடலைவிட்டு உள்ளே போய்விட வேண்டும், இதில் பேரமே இல்லை. பல காலமாக ஓடாதவர்கள் முதல் நாளே முழு ஆட்டம் ஆடி முட்டியைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான்காம் படி: வாயைத் திறங்கள்

இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை அணி ஆட்டத்தில் வருகிற மாற்றங்களில் வாழ்க்கை முழுக்கக் கூட வருவது இதுதான்.

நம் பிள்ளைகளில் பலர் வீட்டில் நன்றாகப் பேசுவார்கள், வெளியே போனால் அடக்கம். பெரியவர் முன் குரலை உயர்த்தக் கூடாது என்று வளர்க்கிறோம், நல்லதுதான். திடலில் அது வேலைக்காகாது. பின்னால் எதிரணி ஆள் வருவது உங்களுக்குத் தெரிகிறது, பந்து வைத்திருப்பவருக்குத் தெரியவில்லை. அரை வினாடியில் 'மேன் ஆன்!' என்று கத்தியாக வேண்டும். ஆள் இல்லை என்றால் 'டைம்!'. உங்களைவிடப் பத்து வயது மூத்தவராக இருந்தாலும் கத்த வேண்டும். 'அண்ணே, கொஞ்சம் பின்னால...' என்று தொடங்கினால் பந்து போய்விட்டிருக்கும். ஆட்டம் முடிந்ததும் அதே அண்ணனுக்குத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுக்கலாம், மரியாதை எங்கும் போகாது.

பயிற்சி இப்படி: முதல் வாரம் கண்ணில் படுவதை மட்டும் சொல்லுங்கள், யோசனை வேண்டாம். 'வலது', 'பின்னால்', 'ஆள் இருக்கு'. இரண்டாவது வாரம் பெயரோடு சொல்லுங்கள். பெயர் சொல்லாமல் 'ஏய், பாஸ்!' என்றால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், ஒருவரும் அசைய மாட்டார்கள். அப்புறம், நடந்து முடிந்ததைப் பற்றிக் கத்துவதை விட்டுவிட்டு வரப்போவதைப் பற்றி மட்டும் பேசுங்கள். 'ஏன்டா விட்டே?' என்பதால் எந்தப் பந்தும் திரும்பி வந்ததில்லை. 'அடுத்தது உன் பக்கம்' என்றால் அவன் தயாராக நிற்பான். இந்த ஒரு வித்தியாசத்தை அலுவலகக் கூட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், மேலாளர் நிமிர்ந்து பார்ப்பார்.

ஐந்தாம் படி: பெஞ்சில் உட்காருவது

எல்லாரும் ஆடலாம் என்று அணி சொன்னாலும் யாராவது வெளியே உட்காரத்தான் வேண்டும். ஒரு சனிக்கிழமை காலை, பள்ளித் திடல் ஒன்றில் பார்த்தது: மாற்று ஆட்டக்காரர் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் புல்லைப் பிடுங்கிப் பிடுங்கித் தன் காலணிமேல் போட்டுக்கொண்டிருந்தான். மற்றவன் முட்டிமேல் கையை ஊன்றி எதிரணிக் கோல் காப்பாளரையே பார்த்துக்கொண்டிருந்தான். இடைவேளையில் தங்கள் அணி முன்கள ஆட்டக்காரனிடம் ஓடிப்போய், "ப்ரோ, அவன் பந்தைப் பிடிச்சா எப்பவும் வலது பக்கம்தான் எறியறான், அங்கேயே நில்லு" என்றான். இரண்டாம் பாதியில் அது ஒரு கோலானதா என்று கேட்காதீர்கள், ஆகவில்லை. ஆனால் பயிற்றுவிப்பாளர் அடுத்து உள்ளே அனுப்பியது அவனைத்தான்.

உட்கார்ந்திருக்கும்போது உங்கள் இடத்தில் ஆடுபவரைப் பார்த்துக் குறைகளை எண்ணாதீர்கள், எதிரணியைப் பாருங்கள். உள்ளே போனால் முதலில் என்ன செய்வீர்கள் என்று முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து உட்கார வைத்தால் பயிற்றுவிப்பாளரைத் தனியாகப் பார்த்து, "நான் உள்ளே வர எதைச் சரிசெய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். "ஏன் என்னைப் போடவில்லை?" என்று கேட்டால் விளக்கம் வரும்; முதல் கேள்விக்குத்தான் வேலை வரும். பிள்ளைக்காகப் பெற்றோர் போய்க் கேட்பது தொடக்கப்பள்ளியோடு நிற்கட்டும். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளை தானே போய்க் கேட்கட்டும். முதல் தடவை குரல் நடுங்கும், பரவாயில்லை.

ஆறாம் படி: தோல்வியும் சண்டையும்

தோற்றதும் பாடம் நடத்தாதீர்கள். உடம்பு சூடாக இருக்கும்போது எந்தப் புத்திமதியும் ஏறாது. கைகுலுக்கி, தண்ணீர் குடித்து, உணவங்காடியில் எல்லாரும் உட்கார்ந்து மீ கோரெங் வந்த பிறகு பேசலாம். அப்போது ஆளுக்கு ஒரு வாக்கியம், அதுவும் 'நான்' என்று தொடங்க வேண்டும். 'நான் இரண்டு தடவை என் ஆளை விட்டுவிட்டேன்.' 'நான் கடைசி பத்து நிமிடம் ஓடவில்லை.' யாரும் மறுக்கவும் வேண்டாம், ஆறுதல் சொல்லவும் வேண்டாம். கயிறு இழுக்கும் ஆய்வில் மறைந்துபோன அந்தத் தனிப்பங்கு இந்த மேசையில்தான் வெளியே வரும். தலைவர் முதலில் சொன்னால் மற்றவர்களும் சொல்வார்கள். அவர் மழுப்பினால் எல்லாரும் நடுவர்மேல் போட்டுவிடுவார்கள்.

வெற்றிக்குப் பிறகும் இதைச் செய்யலாம். செய்கிற அணி அபூர்வம்.

சண்டை வரும். பெரும்பாலும் ஆட்டத்தைப் பற்றி இருக்காது: யார் தாமதமாக வருகிறார், யார் திடல் கட்டணப் பங்கைக் கொடுக்கவில்லை, வாட்ஸ்அப் குழுவில் யார் யாரைக் கிண்டல் செய்தார். வாட்ஸ்அப்பில் தொடங்கிய சண்டையை வாட்ஸ்அப்பில் முடிக்க முடியாது. நேரில், இரண்டு பேர் மட்டும், அடுத்த பயிற்சிக்கு முன்பே. மூன்றாவது ஆளை அழைத்தால் அது பஞ்சாயத்து ஆகிவிடும்.

ஏழாம் படி: பட்டமில்லாத வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்

தலைவர் பட்டை ஒருவருக்குத்தான். ஆனால் அணியை நடத்துவது அவர் மட்டுமில்லை. திடல் பதிவு செய்பவர், பணம் வசூலிப்பவர், மேலங்கிகளைத் துவைத்துக் கொண்டுவருபவர், காயம்பட்டு வராதவரைக் கூப்பிட்டு விசாரிப்பவர். இவற்றில் ஒன்றை மூன்று மாதம் செய்யுங்கள். பணம் வசூலிக்கும் வேலையைத்தான் நான் இளையவர்களுக்குப் பரிந்துரைப்பேன். பிடித்தவரிடமும் பிடிக்காதவரிடமும் ஒரே குரலில் "அண்ணே, இந்த மாதக் காசு இன்னும் வரலை" என்று கேட்கப் பழகிவிட்டால், பிற்பாடு சம்பள உயர்வு கேட்கும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளாது.

ஒரு தடவையாவது நடுவராக இருந்து பாருங்கள். பயிற்சி ஆட்டத்தில் விசில் யார் கையிலும் கொடுப்பார்கள், யாரும் கேட்டு வாங்குவதில்லை. இரண்டு பக்கமும் நண்பர்கள், இரண்டு பக்கமும் கத்துகிறார்கள், உங்களுக்கோ அரைகுறையாகத்தான் தெரிந்தது, ஆனால் உடனே சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகு நடுவரைத் திட்டுவது தானாகவே குறையும்.

எட்டாம் படி: வீடு, டியூஷன், நேரம்

நம் வீடுகளில் தேர்வு நெருங்கினால் முதலில் வெட்டப்படுவது விளையாட்டுத்தான். பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது, தேர்வு மாதம் விதிவிலக்கு என்று சொல்லவில்லை. பயிற்சியைக் குறைக்கலாம். ஆனால் பருவத்தின் நடுவில் சொல்லாமல் நிறுத்துவது மற்றப் பத்துப் பிள்ளைகளை நட்டாற்றில் விடுவது. அப்படி நிறுத்தப் பழகிய பிள்ளை, நாளை குழு வேலையிலும் அதையே செய்யும். பருவம் தொடங்கும்போதே அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த டியூஷனை எந்த நாளுக்கு மாற்றுவது என்று பிள்ளையையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நாம் போட்டுக் கொடுத்த அட்டவணை நம்முடையது. அவன் போட்டதை அவன் காப்பாற்றுவான், பெரும்பாலும்.

ஆட்டம் முடிந்து எம்ஆர்டியில் திரும்பும்போது "ஜெயிச்சியா? எத்தனை கோல்?" என்று தொடங்காதீர்கள். "இன்னைக்கு யார் உனக்கு நல்லா உதவினா?" என்று கேளுங்கள், இல்லாவிட்டால் சும்மா இருங்கள். சும்மா இருந்தால் மூன்றாவது நிலையத்தில் பிள்ளை தானே பேசத் தொடங்கும். திடலோரத்தில் நின்று தமிழில் கத்தினால் மற்றவர்களுக்குப் புரியாது என்று நினைத்துப் பயிற்றுவிப்பாளருக்கு எதிராக உத்தரவு போடும் அப்பாக்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உங்கள் பிள்ளைக்குப் புரியும், அது யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் நின்றுவிடும்.

ஒன்பதாம் படி: எப்போது விலகுவது

ஆட்டம் கஷ்டமாக இருக்கிறது, தோற்கிறோம், உட்கார வைக்கிறார்கள் என்பவை விலகக் காரணங்கள் இல்லை, குறைந்தது ஒரு பருவம் வரைக்கும். ஆனால் பயிற்றுவிப்பாளர் அவமானப்படுத்துகிறார், காயத்தோடு ஆடச் சொல்கிறார், இனத்தை வைத்துக் கிண்டல் செய்வதைப் பார்த்தும் பேசாமல் இருக்கிறார் என்றால் ஒரு வாரம்கூடப் பொறுக்க வேண்டாம். அதைப் பொறுத்துக்கொள்வது மன உறுதி இல்லை. பள்ளி என்றால் இணைப்பாட நடவடிக்கைக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் சொல்லுங்கள். வெளி அமைப்பு என்றால் 2019ல் அமைந்த சேஃப் ஸ்போர்ட் ஆணையம் துன்புறுத்தல் புகார்களுக்காகவே இருக்கிறது. என்ன நடந்தது, எந்தத் தேதி, யார் பார்த்தார்கள் என்று அன்றன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு காரணத்துக்காக, அதாவது வேலை மாறியது, குழந்தை பிறந்தது, ஆர்வம் போய்விட்டது என்று விலகுவதானால் பருவம் முடியும்வரை இருந்துவிட்டு, பயிற்றுவிப்பாளரிடமும் தலைவரிடமும் நேரில் சொல்லுங்கள். கையில் இருக்கும் மேலங்கி, வசூல் கணக்கு, திடல் பதிவுக் கடவுச்சொல் எல்லாவற்றையும் அடுத்தவரிடம் ஒப்படையுங்கள். வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறுவது அதற்குப் பிறகுதான்.